விரலா, குச்சியா? கோணல் கல்லைப் பிடிக்கும் வழி

பட்டறைப் பதில்கள்

போன இதழில் சந்திரகாந்தக் கல்லைப் (மூன்ஸ்டோன்) பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில் வந்து நின்றன: சாணையில் வைக்கும்போது கல்லை எப்படிப் பிடிப்பது? வட்டம், நீள்வட்டம் என்றால் யாருக்கும் புகார் இல்லை. கோணல்மாணலான கல்தான் எல்லோர் விரலையும் பதம் பார்த்திருக்கிறது. அதனால் இந்த முறை அந்த ஒரு விஷயம் மட்டும். எந்த விரலில் எந்தக் கல் போடலாம் என்று கேட்டவர்கள் தயவுசெய்து ஜோசியப் பக்கத்தைப் புரட்டவும்.

நான் வெள்ளியில் டாலர், கம்மல் செய்து விற்கிறேன். காங்கேயத்தில் சந்திரகாந்தக் கற்களைக் குவியலாக வாங்கினேன். ஒவ்வொன்றும் ஒரு வடிவம். அந்த வடிவம் பிடித்துத்தான் வாங்கினேன். அதைக் கெடுக்காமல் மெருகு போட வேண்டும். ஆனால் சக்கரத்தில் வைத்தால் வழுக்குகிறது, நகம் தேய்கிறது, கல் பறந்து அலமாரிக்கு அடியில் போகிறது. எப்படிப் பிடிப்பது? — வாசகி, திருப்பூர்

பிடிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லுங்கள் அம்மணி. அந்தக் கல் வெள்ளியில் எந்தப் பக்கமாக உட்காரப்போகிறது? இதை முடிவு செய்யாமல் சக்கரத்தை ஓடவிடுவதால்தான் பாதிக் கல் பறக்கிறது.

சந்திரகாந்தத்தைத் தண்ணீரில் நனைத்து, ஒற்றை பல்பு வெளிச்சத்துக்குக் கீழே மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு நிலையில் அந்தப் பால் ஒளி கல்லின் மேல் மிதந்து வந்து நிற்கும். அந்த ஒளி நடுவில் விழுகிற முகம்தான் மேல் முகம். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அடி. கல் எவ்வளவு கோணலாக இருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் ஒளி வருவது உள்ளே இருக்கும் மெல்லிய அடுக்குகளிலிருந்து; வெளி வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடி தெரிந்துவிட்டதா? அந்த அடியை மட்டும் முதலில் தட்டையாக்குங்கள். இதற்குக் குச்சி, பசை எதுவும் வேண்டாம், விரலே போதும். படுக்கைவாட்டில் சுற்றும் தட்டு இருந்தால் கல்லை மேலிருந்து மூன்று விரலால் அமுக்கினாலே தட்டையாகிவிடும். முழு அடியும் தட்டையாக வேண்டும் என்பதில்லை. கல் வெள்ளியில் உட்காரும் இடம், அவ்வளவுதான். சுற்றி இருக்கும் மேடுபள்ளம் அப்படியே இருக்கட்டும். கோணல் கல் என்று பயந்த கற்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தட்டை முகம் கிடைத்ததும் சாதுவாகிவிடும்.

கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய கல் என்றால் கடைசிவரை விரலாலேயே பிடிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். கல்லைக் குச்சி நுனியில் ஒட்டிப் பிடித்தால்தான் தொழில்சுத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விரல் நுனி கல்லின் சூட்டை உடனே சொல்லும். கல் சூடாகிறது என்றால் தண்ணீர் போதவில்லை, அல்லது அழுத்தம் அதிகம். குச்சி இதைச் சொல்லாது. நகம் தேய்வதற்கு மருந்துக்கடையில் விற்கும் துணி பிளாஸ்டரை ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். நனைந்தாலும் பிடிமானம் இருக்கும். கையுறை மட்டும் வேண்டவே வேண்டாம். சக்கரம் அதைப் பிடித்து இழுத்தால் கையும் கூடவே போகும். வளையல், துப்பட்டா, சேலைத் தலைப்பு எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான்.

கல் பறப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வைக்கும் இடம். சக்கரம் மேலிருந்து கீழாக உங்கள் பக்கம் இறங்கும்படி சுற்ற வேண்டும். கல்லை நடு அச்சின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும். அப்போது கை நழுவினாலும் கல் கீழே உள்ள தகரத் தட்டில்தான் விழும். அந்தத் தட்டில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டு வையுங்கள். சந்திரகாந்தம் இரண்டு திசையில் சுலபமாகப் பிளக்கும் கல். வெறும் தகரத்தில் விழுந்தால் இரண்டு கம்மல் கிடைக்கும், ஜோடி சேராது.

இதே காரணத்தால் இந்தக் கல்லை 80-ம் நம்பர் சக்கரத்தில் வைக்காதீர்கள் (நம்பர் குறையக் குறையச் சாணை கரடு, ஏற ஏற மென்மை). 220-ல் தொடங்கி 600, 1200, 3000 என்று போய், கடைசியில் ஈரமான தோலிலோ ஃபெல்ட் துணியிலோ சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியை வைத்தால் மெருகு வந்துவிடும்.

சரி, கல் சின்னது, அல்லது அடியைத் தட்டையாக்கவும் மனசில்லை என்றால்? அங்கேதான் அரக்கும் குச்சியும். அடுத்த கேள்விக்கு வருவோம், அது அதைப் பற்றித்தான்.

அரக்கில் ஒட்டுகிறேன். பாதி வேலையில் கல் கழன்றுவிடுகிறது. ஒட்டும்போது நன்றாகத்தான் தெரிகிறது. அரக்கு மட்டமா, நான் மட்டமா? — வாசகர், கோவை

இரண்டும் இல்லை, கல் குளிர்ந்திருக்கிறது.

அரக்கைச் சூடாக்கினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கல்லையும் சூடாக்க வேண்டும். உருகின அரக்கு குளிர்ந்த கல்லைத் தொட்டதும் தொட்ட இடம் மட்டும் உறைந்துபோகும், உள்ளே ஒட்டாது. கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அரக்கின் ஓரத்தைப் பாருங்கள். சேம்பிலையில் தண்ணீர் நிற்பதுபோல உருண்டு திரண்டு நின்றால் அது ஒட்டவில்லை. ஓரம் மெலிந்து, கல்லின் மேல் படர்ந்து ஏறியிருந்தால் ஒட்டியிருக்கிறது. முதல் வகை என்றால் சக்கரத்துக்கே போகாதீர்கள். மறுபடி சூடு காட்டுங்கள்.

கல்லைச் சூடாக்க நெருப்பில் நேராகக் காட்டக் கூடாது. வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து, அசையாமல் முட்டுக் கொடுத்து, மிகக் குறைந்த சூட்டில் வைத்து, அதன் மேல் ஒரு அலுமினியத் தாளைப் போட்டு, கற்களை வரிசையாக வையுங்கள். இஸ்திரிப் பெட்டி குளிர்ந்திருக்கும்போதே கல்லை வைத்துவிட வேண்டும். பெட்டியோடு சேர்ந்து கல்லும் மெதுவாகச் சூடேறட்டும். ஒரு துணுக்கு அரக்கைப் பக்கத்தில் போட்டு வைத்தால் அதுவே அளவுகோல். அது இளகிப் பளபளத்தால் கல்லும் தயார். (இஸ்திரிப் பெட்டியை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். அப்புறம் வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை வந்தால் நான் பொறுப்பல்ல.)

ஒட்டுவதற்கு முன் கல்லை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, அதற்கப்புறம் அடியைக் கையால் தொடாதீர்கள். ஸ்பிரிட் பாட்டிலை மூடித் தூரமாக வைத்த பிறகுதான் அரக்கை உருக்கும் விளக்கை ஏற்ற வேண்டும்.

இப்போது குச்சி. மூங்கில் குச்சி, பெயின்ட் பிரஷ் பிடி, எதுவானாலும் சரி. நீளம் பத்து சென்டிமீட்டர். தடிமன் கல்லின் அகலத்தில் பாதிக்கு மேல், முக்காலுக்குள். சின்னக் கல்லுக்கு நான் தட்டைத் தலையுள்ள ஆணியைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வேன். ஆணித் தலையே கல் உட்காரும் மேடையாகிவிடும். குச்சி நுனியை அரக்கில் முக்கி முக்கி எடுத்து, சூடு இறங்கும் முன் தண்ணீரில் நனைத்த விரலால் சின்னக் கிண்ணம்போல நடுவைப் பள்ளமாக்குங்கள். சாமணத்தால் சூடான கல்லை எடுத்து அதில் உட்கார வையுங்கள். கோணலான அடி அந்தப் பள்ளத்தில் தானே ஒரு இடம் தேடி அமரும். உடனே குச்சியை நிமிர்த்தி நாலு பக்கமும் பாருங்கள். கல்லின் மேல் முகம் குச்சிக்குச் செங்குத்தாக இருக்கிறதா? சாய்ந்திருந்தால் அரக்கு இளகியிருக்கும்போதே அழுத்திச் சரி செய்யுங்கள். பிறகு ஓரத்து அரக்கை ஈர விரலால் மேல் நோக்கித் தள்ளிக் கல்லின் இடுப்புக்கு (சுற்றளவு அதிகமாக உள்ள நடுப்பகுதி) சற்றுக் கீழே வரை அணைத்து விடுங்கள். இடுப்புக்கு மேலே ஏற விடக் கூடாது. ஏறினால் நீங்கள் கல்லைத் தேய்க்கிறீர்களா அரக்கைத் தேய்க்கிறீர்களா என்று தெரியாமல் போகும்.

தானாக ஆற விடுங்கள். தண்ணீரில் முக்கி ஆறவைத்தால் கல்லில் கீறல் விழும். ஆறிய பிறகு கட்டைவிரல் நகத்தால் பக்கவாட்டில் நெம்பிப் பாருங்கள். சக்கரத்தில் கழல்வதைவிட உங்கள் கையில் கழல்வது மேல்.

கோவை என்றீர்கள். மார்கழிக் குளிரில் உங்கள் அரக்கு வெறும் அரக்காக இருந்தால் நொறுங்கும் குணம் வந்துவிடும். கொஞ்சம் தேன்மெழுகு கலந்தால் இழுபடும். சித்திரையில் அதே கலவை இளகிக் கல் நகர ஆரம்பிக்கும். அப்போது மெழுகைக் குறைத்து, சலித்த செங்கல் தூளைச் சேருங்கள். தபாலில் முத்திரை வைக்கிற அரக்கை வாங்கி வேலை செய்கிறவர்கள் உண்டு. அவசரத்துக்கு ஓடும், ஆனால் தனியாக அதை நம்ப மாட்டேன்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. அரக்கின் ஓரத்தில் சாணைப் பொடி போய்ப் பதிந்துகொள்ளும். 220-ல் தேய்த்த பொடி 3000 தட்டுக்குப் போனால் கடைசி மெருகில் ஒற்றைக் கீறல் திரும்பத் திரும்ப வரும். தட்டைக் குறை சொல்வீர்கள். ஒவ்வொரு நம்பர் மாறும்போதும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால், சோப்புத் தண்ணீரில், அரக்கும் கல்லும் சேரும் கோட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

பிளையர்ஸிலோ பெஞ்ச் வைஸிலோ கல்லைப் பிடித்துக்கொண்டு, கிரைண்டரைக் கையில் வைத்துத் தேய்த்தால் என்ன? — மெக்கானிக், ஓசூர்

இரும்பு பிடிக்கும் இடத்தில் கல் பிளக்கும். பிளக்காவிட்டால் பொடியாகிப் பறக்கும். வேண்டாம்.

ஓப்பல் வாங்கினேன். சூடு ஆகாது என்கிறார்கள். அப்போது அரக்கு எப்படி? பசையில் ஒட்டினால் எப்படிக் கழற்றுவது? — கல்லூரி மாணவி, திருச்சி

சொன்னது சரிதான். ஓப்பலுக்குள் தண்ணீர் இருக்கிறது. திடீர் சூடு பட்டால் வலை வலையாகக் கீறல் விடும். அதற்கு அரக்கு வேண்டாம்.

ஃபெவிக்விக் மாதிரிப் பசைதான் வழி. ஆனால் அந்தப் பசை இரண்டு தட்டை முகங்களுக்கு நடுவே மெல்லியதாக இருந்தால்தான் பிடிக்கும். உங்கள் கல்லின் அடி கரடுமுரடு என்றால் இடைவெளியில் பசை சொட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு ஆப்ப சோடா. ஆணித் தலையில் கல்லை வைத்து, விளிம்பைச் சுற்றிச் சோடா மாவைத் தூவி, அதன் மேல் பசையை ஒரு சொட்டு விட்டால் அடுத்த நொடியே கல்லாக இறுகிவிடும். ஒரே தடவையில் நிறையச் செய்யாதீர்கள். இறுகும்போது சூடு வரும், கண் எரிகிற புகையும் வரும். ஒரு சொட்டு, நிறுத்தம், இன்னொரு சொட்டு. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கழற்ற அசிட்டோன். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் குச்சியோடு போட்டு ராத்திரி வைத்தால் காலையில் கல் தனியாகக் கிடக்கும். இதையும் விளக்கு இருக்கும் அறையில் செய்யக் கூடாது. ஆனால் உங்கள் ஓப்பல் ஒட்டுப் போட்டதா என்று முதலில் பாருங்கள். பக்கவாட்டில் நேர்க்கோடாக ஒரு இணைப்புத் தெரிந்தால் அது மெல்லிய ஓப்பல் தகட்டைக் கறுப்பு அடியில் ஒட்டியது. அசிட்டோனில் போட்டால் நீங்கள் போட்ட பசையோடு அந்தப் பசையும் இளகிவிடும். எண்ணெய் ஏற்றிய மரகதம், பிசின் ஏற்றிய ஃபிரோசா, இவையும் அசிட்டோனுக்கு ஆகாதவை.

அந்த மாதிரிக் கற்களுக்கு ஹாட் க்ளூ துப்பாக்கி நல்லது. ஆனால் துப்பாக்கியிலிருந்து வரும்போது அது அரக்கைவிடச் சூடாகவே இருக்கும். அதனால் ஓப்பலுக்கு என்றால் பசையைக் குச்சியில் விட்டு, சற்று ஆறி இழுபடும் பதத்தில் கல்லை வையுங்கள். கழற்றும்போது ஓரத்தில் ஸ்பிரிட்டை நாலு சொட்டு விட்டால் மேலே ஏறி ஊறி, முழுசாக உரிந்துவரும். குறை என்னவென்றால் அது ரப்பர் மாதிரி. அழுத்தித் தேய்த்தால் கல் அசையும். வடிவம் கொண்டுவரும் கரடான வேலைக்கு ஆகாது, மெருகுக்குச் சரி.

அரக்கில் ஒட்டிய சாதாரணக் கல்லைக் கழற்ற, குச்சியோடு ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைத்தால் போதும். அரக்கு கல்லைவிட அதிகமாகச் சுருங்கும், தட்டினால் விட்டுவிடும். ஸ்படிகம், அகேட்டுக்கு இது நன்றாக வரும். ஓப்பலுக்குக் குளிரும் ஆகாது, அதனால்தான் முதலிலேயே பசை என்றேன்.

திருச்சி என்பதால் ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ப் பக்கத்தில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை போட்ட கைகள் இன்னும் இருக்கின்றன. குச்சியில் கடுகளவு கல்லை ஒட்டி, குச்சியின் மறுமுனையைத் துளையுள்ள பலகையில் ஊன்றி, எந்தத் துளை என்பதை வைத்தே பட்டையின் சாய்வைத் தீர்மானிக்கும் வித்தை தெரிந்தவர்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் என் பதிலை மடித்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

துளி வடிவக் கல். மேல் பக்கம் நன்றாக வருகிறது, கூர் நுனி மட்டும் ஒவ்வொரு முறையும் காணாமல் போகிறது. — வாசகர், மதுரை

குச்சி பெருத்த பக்கத்தின் நடுவில் இருக்கும், நுனிக்குக் கீழே ஒன்றும் இருக்காது. அதுதான் காரணம். அரக்கை வாலாக இழுத்து நுனிக்கு அடியிலும் தாங்கல் கொடுங்கள்.

அப்புறம் கோடு. கல்லின் மேல் வெளிவடிவத்தைப் பேனாவால் வரைந்தால் தண்ணீர் பட்டதும் போய்விடும். எலெக்ட்ரிக் கடையில் அலுமினியக் கம்பித் துண்டு ஒன்று வாங்கி, நுனியைச் சீவி, அதால் வரையுங்கள். வெள்ளிக் கோடு விழும், தண்ணீருக்கு அழியாது. கறுப்புக் கல்லிலும் தெரியும். தேய்க்கும்போது நுனியிலிருந்து பெருத்த பக்கத்துக்கு இழுக்காமல், பெருத்த பக்கத்தில் தொடங்கி நுனிக்கு முன்னாலேயே அழுத்தத்தை எடுத்துவிடுங்கள். நுனி தானாகவே தேயும், நீங்கள் உதவ வேண்டியதில்லை.

இரண்டு பக்கமும் மெருகு வேண்டும், கூட நடுவில் பள்ளமும் இருக்கிறது. எங்கே ஒட்டுவது? — திருப்பூர் வாசகியின் தங்கையாம், அதே கவரில் வந்தது

ஒரு பக்கம் 1200 வரை மட்டும் கொண்டுவந்து நிறுத்துங்கள். திருப்பி ஒட்டி மறுபக்கத்தைக் கடைசி மெருகுக்கு முந்தின நிலைவரை கொண்டுவாருங்கள். பிறகு கழற்றி, கடைசி மெருகை இரண்டு பக்கமும் விரலால் பிடித்தே போடுங்கள். மெருகுத் தோல் விரலைக் கடிக்காது. முதல் பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அதன் மேல் அரக்கு ஒட்டினால், கழற்றும்போது கீறிவிட்டு அழ வேண்டியதுதான்.

பள்ளத்துக்குள் பெரிய சக்கரம் போகாது. ரப்பர் கலந்த சின்ன முனைகளைக் கைமோட்டாரில் மாட்டிப் போகலாம். என்னைக் கேட்டால் பள்ளத்தை அப்படியே மங்கலாக விட்டுவிடுவேன். சுற்றிலும் பளபளப்பு, நடுவில் மண்ணிலிருந்து வந்த தோல்; அதற்குத் தனி விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கொடுமணலில் கிடைத்த மணிகளைப் பார்த்தேன். மின்சாரம் இல்லாத காலத்தில் அவ்வளவு சின்ன மணியை எப்படிப் பிடித்து மெருகு போட்டார்கள்? — ஆசிரியர், சென்னிமலை

உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள். நொய்யல் கரையில் ஸ்படிகம், பச்சைக்கல், நீலம், கார்னிலியன் எல்லாவற்றிலும் மணி செய்திருக்கிறார்கள். முடிந்த மணி மட்டுமல்ல, பாதியில் நின்ற மணிகளும் அங்கே கிடைத்தன. தொழிலாளிக்கு அவைதான் பாடம்.

அவர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்பதைவிட, அண்மைக்காலம் வரை கையால் இதே வேலை நடந்த இடத்தைச் சொல்கிறேன். குஜராத்தில் காம்பாத். அங்கே அகேட் மணிகளுக்கு மெருகு போட ஒரு வழி, பிடிக்காமலே இருப்பது. தோல் பையில் மணிகளையும் அகேட் பொடியையும் தண்ணீரையும் போட்டுக் கட்டி, இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து நாள்கணக்கில் இங்கும் அங்கும் உருட்டுவார்கள். மணி ஒன்றோடொன்று உரசி மெருகாகும். இன்று மோட்டாரில் சுற்றும் டம்ளர் டிரம் அந்தப் பையின் பேரன்தான். துளை போடும்போது மட்டும் மணியை மரக் கிடுக்கியில் இறுக்கி, வைரத் துணுக்கு பதித்த முனையை வில்லால் சுழற்றினார்கள்.

டம்ளர் டிரம் பற்றிச் சொல்லிவிட்டீர்களே. அதை வாங்கிவிட்டால் பிடிக்கும் தலைவலியே இல்லையே? — வாசகர், நாமக்கல்

உண்மை. மழமழவென்று கூழாங்கல் வேண்டுமென்றால் வாங்குங்கள். ஆனால் எல்லா மூலையும் உருண்டுபோகும். எந்த முகம் மேலே என்று டிரம்மிடம் சொல்ல முடியாது. சந்திரகாந்தத்தை அதில் போட்டால் ஒளி எங்கேயாவது இடுப்பில் வந்து உட்காரும். வாரக்கணக்கில் ஓட வேண்டும், மின்கட்டணத்தையும் சத்தத்தையும் வீட்டில் யார் தாங்குவார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டித்தன்மை வேறான கற்களைக் கலந்து போடாதீர்கள். ஸ்படிகம் மெருகாகும்போது ஃபிரோசா பொடியாகியிருக்கும்.

தண்ணீர் ஊற்றினால் எங்கும் சேறு. சும்மா உலர்வாகத் தேய்த்தால் என்ன? முகத்தில் கர்ச்சீஃப் கட்டிக்கொள்கிறேன். — பெயர் வேண்டாம் என்றவர், சேலம்

கூடாது. இதில் மட்டும் எனக்கு நையாண்டி வராது.

காம்பாத் என்றேனே, அந்த ஊர் மணிகளுக்குப் பேர்போனது. சிலிக்கோசிஸ் நோய்க்கும் பேர்போனது. அகேட், ஸ்படிகம் எல்லாம் சிலிக்கா. உலர்வாகத் தேய்க்கும்போது வரும் பொடியில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி கீழே விழுந்துவிடும். தெரியாத பகுதிதான் நுரையீரலில் போய் உட்காரும். அங்கே அது தழும்பாகி இறுகும், வந்த வழியே போகாது, குணப்படுத்த மருந்தும் இல்லை. சக்கரத்தில் உட்காராத வீட்டாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும்கூட அங்கே வந்திருக்கிறது. கர்ச்சீஃப் இதைத் தடுக்காது.

தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வரும் சேற்றை ஈரமாகவே துணியால் வழித்தெடுங்கள். காய விட்டுப் பெருக்கினால் தண்ணீர் ஊற்றியதே வீண். சேற்றுத் துணியைக் குழந்தைகள் துணியோடு துவைக்காதீர்கள். தண்ணீரும் மோட்டாரும் பக்கத்தில் இருப்பதால் அந்த லைனில் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் என்95 முகக்கவசம். உலர்வாகத்தான் செய்வேன் என்றால், தயவுசெய்து வேறு பொழுதுபோக்கைத் தேடுங்கள்.

அடுத்த இதழுக்குத் துளை போடும் கேள்விகளை அனுப்பலாம். கல்லின் படத்தைச் சேர்த்து அனுப்பினால் நல்லது. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுங்கள், அளவு தெரியும்.